நுரையீரலில் சதை எடுக்கணுமா: ஊசியா, டியூபா, ஆபரேஷனா?

சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் "பயாப்சி செய்து (சதை எடுத்துச் சோதித்து) உறுதிப்படுத்தவும்" என்கிற பொருளில் ஒரு வரி இருந்துவிட்டால் போதும், வீட்டில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சி "நாளைக்கே எடுத்துருவோம்" என்று நிற்கும். இன்னொன்று "ஊசி பட்டா பரவிரும், பேசாம மாத்திரை கேப்போம்" என்று இழுக்கும். இந்தச் சண்டையில் எந்த வழியாக எடுக்கப் போகிறார்கள் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. நுரையீரலிலிருந்து சதை எடுக்கப் பல வழிகள் உண்டு: வெளியிலிருந்து ஊசி, மூக்கு அல்லது வாய் வழியாக டியூப், மூச்சுக்குழாய்க்குள் இருந்தபடி அதன் சுவருக்கு அப்பால் குத்தும் ஊசி, மயக்கம் கொடுத்துச் செய்யும் துளை ஆபரேஷன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்குத் தோது.

எது வலிக்காது, எது மலிவு என்று பார்ப்பதைவிட, எங்கே குத்தினால் ஒரே தடவையில் அதிகம் தெரியும் என்று கேட்பதுதான் சரி என்பது என் கட்சி. உங்கள் படத்தைப் பார்த்து டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

எடுக்காமல் முடிகிற காரியமா?

முதலில் இதைக் கேட்டுவிட வேண்டும். ஸ்கேனில் தெரிகிற புள்ளியெல்லாம் பயாப்சிக்குப் போக வேண்டியதில்லை. பழைய காசநோய்த் தழும்பு நம் ஊர்க்காரர்கள் பலரின் நெஞ்சில் இருக்கும். 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கெட்டியான புள்ளி, அதுவும் புகை பிடிக்காதவருக்கு என்றால், உலகம் முழுக்கப் பின்பற்றும் வழிகாட்டுதல்படி தொடர் ஸ்கேன்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை என்றால் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறு ஸ்கேன். 8 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் 3 மாதத்தில் மறு ஸ்கேன், பெட் ஸ்கேன் (சுறுசுறுப்பாக இருக்கும் செல்கள் மின்னித் தெரியும் படம்), பயாப்சி என்ற பேச்சு வரும். ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவருக்கும் எதிர்ப்புசக்தி குறைந்தவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு வருடமாக அதே அளவில் நிற்கும் கெட்டியான புள்ளி என்று தெரிந்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். பிலிமைவிட, ஸ்கேன் சென்டரில் படத்தைப் பதிந்து தரும் கணினி வட்டு இன்னும் நல்லது. டாக்டர் அதில்தான் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க முடியும்.

அடுத்தது சளி. காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மெஷினில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். சளியிலேயே விடை கிடைத்தால் நெஞ்சில் ஏன் குத்த வேண்டும்?

கழுத்தெலும்புக்கு மேலே நெறிகட்டி இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அங்கே ஒரு மெல்லிய ஊசியால் எடுத்தாலே போதும், அஞ்சு நிமிஷ வேலை. நோய் அங்கேவரை வந்திருப்பது தெரிந்தால் எந்தக் கட்டம் என்பதும் அதிலேயே வெளிப்பட்டுவிடும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அந்த நீரை எடுத்துச் சோதிக்கலாம். புற்றுநோயால் வந்த நீர் என்றால் பத்தில் ஆறு பேருக்கு அதிலேயே செல் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் சதையை எடுப்பார்கள். உடம்பில் எட்டுவதற்கு எளிதான இடத்தில் தொடங்குவது நல்ல டாக்டரின் பழக்கம். நேரே நெஞ்சுக்குள் போகிறவரிடம் "வேற லேசான இடம் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரியிலும் கல் உடைக்கும் இடத்திலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸுக்கு வேலை விவரமும் படமும் சேர்ந்தாலே பெரும்பாலும் போதும், சதை வேண்டாம். மாடியில் புறாக்கூண்டு வைத்திருப்பவரும் சொல்ல வேண்டும். புறாவின் எச்சமும் இறகுத் தூசியும் சிலருக்கு நுரையீரலைத் தடிக்க வைக்கும். டாக்டர் கேட்காமல் யாரும் புறாவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "டி.பி.யாத்தான் இருக்கும், ரெண்டு மாசம் மாத்திரை போட்டுப் பாப்போம்" என்று, கிருமி எதுவும் உறுதியாகாமலே ஆரம்பிப்பது. காசநோய் மிகுந்த நாட்டில் அது பல நேரம் சரியாகவும் போகும். சரியாகப் போகாத இடத்தில்தான் ஆபத்து. நுரையீரல் புற்றுநோயோடு வருகிறவர்களில் கணிசமானோர் முதலில் காசநோய் மாத்திரை சாப்பிட்டு மாதங்களைத் தொலைத்தவர்கள். சோதனை முயற்சியாக மாத்திரை கொடுத்தால், எந்தத் தேதியில் மறு ஸ்கேன், அதில் குறையவில்லை என்றால் அடுத்து என்ன என்பதை அன்றைக்கே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஊசியும் டியூபும்

பெரும்பாலானோருக்கு முடிவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மூச்சுக்குழாயை மெயின் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரத்து வீட்டுக்கு ரோட்டிலேயே வண்டியில் போய் இறங்கலாம். வயலுக்கு நடுவே, வேலிப் பக்கமாக இருக்கும் வீட்டுக்கு வெளியிலிருந்து வேலியைத் தாண்டிப் போவதுதான் கிட்டம். நடுவில், பெரிய குழாய்களை ஒட்டி இருக்கும் கட்டிக்கு டியூப் ஏற்றது. விலா எலும்பை ஒட்டி ஓரத்தில் இருக்கும் கட்டிக்கு சி.டி. பார்த்துக் குத்தும் ஊசி ஏற்றது.

பிராங்கோஸ்கோப்பி என்கிற டியூப்பில், பார்வைக்குத் தெரியும் நடுக்கட்டியாக இருந்தால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு விடை கிடைத்துவிடும். அதே டியூபால் 2 சென்டிமீட்டருக்குக் கீழான ஓரத்துக் கட்டியை எடுக்கப் போனால் மூன்றில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஓரத்தில் சின்னக் கட்டியை வைத்துக்கொண்டு, "டியூப்னா பயமில்லை" என்று அதைக் கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காசும் போகும், பட்டினியும் கிடந்ததாகும், கடைசியில் ஊசிக்கே வர வேண்டியிருக்கும்.

சி.டி. ஊசியின் கணக்கு வேறு. ஓரத்துக் கட்டியில் சுமார் பத்தில் ஒன்பது தடவை சரியான விடை தரும். கம்பி போல ஒரு துண்டுச் சதை கிடைப்பதால் பின்னால் செய்கிற மரபணுச் சோதனைகளுக்கும் மிச்சம் இருக்கும். புகை பிடிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வருகிற அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் ஓரத்தில் உட்காருவது வழக்கம் என்பதால், அவர்களுக்குப் பெரும்பாலும் ஊசிதான் வாய்க்கும்.

இதற்கு உள்ள விலை, காற்றுக் கசிவு. நுரையீரலைத் துளைத்து வெளியே வரும்போது கொஞ்சம் காற்று நெஞ்சறைக்குள் கசிந்து நுரையீரலைச் சுருக்கும். ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்கு இது நடக்கிறது. படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலானோருக்கு இது படத்தில் மட்டும் தெரிகிற அளவுதான், ஆக்சிஜன் வைத்துச் சில மணி நேரம் கவனித்தால் தானாக உள்வாங்கிவிடும். கசிந்த காற்றை வெளியேற்ற நெஞ்சில் டியூப் வைக்கிற அளவுக்குப் போவது நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு. வருடக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் உப்பிப்போனவருக்கு (எம்பைசீமா) இந்த வாய்ப்பு கூடுதல். அப்படிப்பட்டவருக்கு இரண்டும் சாத்தியம் என்றால் நான் டியூப் பக்கம்தான் சாய்வேன். டியூபில் காற்றுக் கசிவு குறைவு. உள்ளே சின்னக் கொறடால் நுரையீரல் சதையைக் கிள்ளி எடுக்கும்போதுகூட நூற்றில் ஓரிருவருக்குத்தான்.

இருமலில் ரத்தம் இரண்டு வழியிலும் வரலாம். ஒன்றிரண்டு நாள் சளியில் கோடு போலச் சிவப்பு தெரிவது சகஜம். ஸ்பூன் ஸ்பூனாக வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஊசியில் ரத்தக்குழாய்க்குள் காற்று போய்விடுகிற ஆபத்தும் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நடக்காது, நடந்தால் பெரிய ஆபத்து. அதனால்தான் ஊசி உள்ளே இருக்கும்போது மூச்சைப் பிடி, இருமாதே, பேசாதே என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அடக்க முடியாத வறட்டு இருமல் இருப்பவர், படுத்தால் மூச்சு வாங்குபவர், சொன்னது காதில் விழாத பெரியவர் என்றால் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். வழியே மாறலாம்.

வலி? ஊசியில் தோல் மரத்துப்போக ஒரு குத்து, அப்புறம் அழுத்தம்தான். டியூப் வலிக்காது. தொண்டையில் லிக்னோகெயின் என்கிற மரப்பு மருந்தை அடித்த பிறகும் மூச்சு அடைப்பது போல ஓர் உணர்வு வரும், அதைத்தான் பலர் மறக்காமல் சொல்கிறார்கள். தூக்க ஊசி போட்டுச் செய்வார்களா என்று கேட்டு வையுங்கள். டியூப் முடிந்து இரண்டு மணி நேரமாவது, தொண்டை மரப்பு போகும்வரை, காபி தண்ணி எதுவும் கூடாது. அன்று ராத்திரி லேசான காய்ச்சல் வந்தால் பதற வேண்டாம்.

டியூபுக்கு இன்னொரு சாதகம் நம் ஊருக்கென்றே உண்டு. சதையோடு, அந்தப் பகுதியைக் கழுவி எடுத்த நீரும் கிடைக்கும். அதைக் காசநோய்க்கும் பூஞ்சைக்கும் மற்றக் கிருமிகளுக்கும் சேர்த்து அனுப்பலாம். சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலோடு நுரையீரலில் குழிவிழுந்த புண் இருந்து, காசநோயா, பூஞ்சையா, கட்டியா என்று மூன்று சந்தேகமும் இருந்தால், ஒரே அமர்வில் மூன்றுக்கும் பதில் தேட இது வசதி.

இபஸ்: கேட்டுப் பார்க்க வேண்டிய மூன்றாவது வழி

இபஸ் (EBUS) என்பதில் மூச்சுக்குழாய் டியூபின் நுனியிலேயே ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். குழாய்ச் சுவருக்கு அப்பால், நெஞ்சின் நடுவில் இருக்கும் நெறிகட்டிகளை அதில் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுப்பார்கள். ஸ்கேனில் நடு நெஞ்சில் நெறிகட்டி பெரிதாகத் தெரிந்தால் என் ஓட்டு இதற்குத்தான். நுரையீரலில் உள்ள கட்டியைக் குத்தினால் "என்ன நோய்" என்று மட்டும் தெரியும். நெறிகட்டியில் எடுத்தால் என்ன நோய், எதுவரை வந்திருக்கிறது இரண்டும் தெரியும். ஆபரேஷனா, கீமோவா என்று முடிவு செய்வதே இரண்டாவது பதிலை வைத்துத்தான். காசநோயையும், அதைப் போலவே நெறிகட்டிகளை வீங்க வைக்கும் சார்காய்டோசிஸ் என்கிற அழற்சி நோயையும் பிரித்துச் சொல்லவும் இது உதவும். சிக்கல் வருவது நூற்றில் ஓரிருவருக்கு. எல்லா மருத்துவமனையிலும் இருக்காது, சாதா டியூபைவிடச் செலவும் கூடும். இருந்தாலும், தப்பான இடத்தில் இரண்டு முறை குத்துவதைவிட இது மலிவுதான்.

ஆபரேஷன் எப்போது?

இரண்டு சந்தர்ப்பங்களில். ஒன்று, சிறிய கட்டி, புற்றுநோய் என்று பலமான சந்தேகம், ஆளும் திடமாக இருக்கிறார். அப்போது முன்பயாப்சி இல்லாமலே துளை ஆபரேஷனில் கட்டியை எடுத்து, டேபிளில் இருக்கும்போதே உறைவெட்டு முறையில் (சதையை உறையவைத்துச் சீவி, உடனே மைக்ராஸ்கோப்பில்) பார்த்து, புற்று என்றால் அங்கேயே மீதியை முடித்துவிடுவார்கள். முழு மயக்கம், விலாப் பக்கம் இரண்டு மூன்று துளை, சில நாள் நெஞ்சில் டியூப். ஊசியோடு ஒப்பிட்டால் பெரிய காரியம்தான், ஆனால் சோதனையும் சிகிச்சையும் ஒன்றாக முடிகிறது.

இன்னொன்று, நுரையீரல் முழுக்க நார் விழுந்து தடிக்கிற நோய்கள். இவற்றில் ஊசியால் எடுக்கிற துண்டு போதாது. ஸ்கேனில் தேன்கூடு போன்ற அமைப்பு தெளிவாகத் தெரிந்தால் சதையே வேண்டாம், படமே போதும். தெளிவில்லாதபோது இருக்கும் தேர்வுகள் ஆபரேஷனும், டியூப் வழியாக உறையவைத்து எடுக்கும் கிரையோ பயாப்சியும். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், அனுபவமுள்ள மையங்களில் கிரையோவை ஆபரேஷனுக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டது. அதில் "அனுபவமுள்ள" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், காற்றுக் கசிவும் ரத்தப்போக்கும் சாதா டியூபைவிட இதில் கூடுதல். ஏற்கெனவே ஆக்சிஜனில் இருப்பவருக்கும், திடீரென்று மூச்சுத்திணறல் மோசமான சமயத்திலும் இந்த இரண்டுமே ஆபத்து. அப்போது சதை இல்லாமலே சிகிச்சை தொடங்குவது விவேகமான முடிவாக இருக்கலாம்.

பெட் ஸ்கேன் பயாப்சிக்கு மாற்று இல்லை. காசநோயும் அதில் புற்றுநோயைப் போலவே பளிச்சென்று மின்னும். எங்கே குத்துவது என்று தேட அது நல்ல துணை, அவ்வளவே. ரத்தத்தில் பார்க்கும் மரபணுச் சோதனையும் அப்படித்தான், வந்தால் பயன், வரவில்லை என்றால் "நோய் இல்லை" என்று பொருள் இல்லை.

"ஊசி பட்டா பரவும்"

ஊசி போன தடத்தில் புற்றுசெல் ஒட்டிக்கொண்டு வளர்வது நடக்கவே நடக்காது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நுரையீரல் ஊசியில் அது பத்தாயிரத்தில் சில பேருக்கு நேர்கிற விஷயம். பயாப்சிக்குப் பிறகு சிலருக்கு நோய் முற்றுவதைப் பார்த்துத்தான் இந்தப் பயம் ஊரில் நிலைத்தது. அவர்கள் பயாப்சிக்கு வந்ததே நோய் முற்றிய பிறகு என்பது பேச்சில் வருவதில்லை.

எடுத்த சதை எங்கே போகிறது?

வழியைவிட நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். எடுத்த துண்டை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், புற்றுநோய் பார்க்க அது சரி. ஆனால் ஃபார்மலினில் விழுந்ததும் காசநோய்க் கிருமி செத்துவிடும், அதற்கப்புறம் கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்ய முடியாது. அதற்கு இன்னொரு துண்டைச் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். "சார், ஒண்ணு சலைன்லயும் டி.பி.க்கு அனுப்புறீங்களா?" என்று உள்ளே போவதற்கு முன்பே கேளுங்கள். முடிந்தபிறகு கேட்டுப் பயனில்லை.

புற்றுநோய் என்று உறுதியானால், அதே சதையில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களையும், எதிர்ப்புசக்தியைத் தூண்டும் மருந்து பலிக்குமா என்று கணிக்க உதவும் பி.டி.எல்.1-ஐயும் பார்ப்பார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் நம் நாட்டு அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்காவது இருக்கிறது. இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையில் தொடங்க வழியுண்டு. சதை போதவில்லை என்றால் திரும்பவும் குத்த வேண்டும். "எத்தனை துண்டு எடுப்பீங்க, மரபணுச் சோதனைக்குப் பத்துமா?" என்பதும் உள்ளே போகும் முன் கேட்க வேண்டியதே.

சதையை மெழுகில் பதித்து வைக்கும் பிளாக்கும் சிலைடுகளும் பத்திரமாக இருக்க வேண்டும். சென்னைக்கோ வேலூருக்கோ இரண்டாவது கருத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சாதா ரிப்போர்ட் சில நாளில் வந்துவிடும். காசநோய் கல்ச்சர் 6 முதல் 8 வாரம்வரை இழுக்கும். அதற்காகக் காத்திருந்து மற்றதை நிறுத்தக் கூடாது.

மதுரையில் செய்யும்போது

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவு உண்டு. காசநோய்க்கென்றே தோப்பூரில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. தனியாரில் பார்த்தாலும், காசநோய் சந்தேகம் வந்தால் அரசுச் சோதனையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன சோதனை அதன் பட்டியலில் வருகிறதா என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு மேஜையில் கேட்டுவிடுங்கள்.

போடி, கம்பம், உசிலம்பட்டி, ராஜபாளையம் பக்கமிருந்து வருபவர்கள் ஊசி பயாப்சியன்றே ஊர் திரும்பத் திட்டம் போடக் கூடாது. காற்றுக் கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும், எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு மட்டும் வீட்டுக்குப் போன பிறகு திடீரென்று நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் வரும். மலைச்சாலையில் நள்ளிரவில் பஸ்ஸுக்குள் இருக்கும்போது அது வரக் கூடாது. ஒரு ராத்திரி மதுரையில் தங்குங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். காற்றுக் கசிந்தவர், சரியானது எக்ஸ்ரேயில் உறுதியாகி ஒரு வாரமாவது ஆகும்வரை விமானம் ஏற வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இரண்டையும் வழக்கமாக 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்தினால் பயாப்சியைவிடப் பெரிய ஆபத்து. இதய டாக்டரும் நெஞ்சு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பட்டினி நாளில் எப்படி என்று கேளுங்கள். கிட்னி பாதிப்பு இருப்பவருக்கு ரத்தம் கசிவது கூடுதல் என்பதால் அதையும் மறைக்க வேண்டாம்.

கடைசியாக, ரிப்போர்ட்டில் "புற்றுசெல் காணப்படவில்லை" என்று வந்தால் பலர் கோயிலுக்குப் போய்விட்டு ஸ்கேனைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியின் கீழே வேறு எது காரணம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காசநோய்க்கான மாற்றம், பூஞ்சை என்று தெளிவான ஒன்று இருந்தால் நல்லது. வெறும் அழற்சி, சதை போதவில்லை என்று மட்டும் இருந்தால் ஊசி கட்டியில் படாமல் போயிருக்கலாம். அடுத்த ஸ்கேன் தேதியையோ, இரண்டாவது முறை எந்த வழியில் எடுப்பது என்பதையோ கேட்டு வாங்காமல் டாக்டர் அறையை விட்டு எழுந்து வராதீர்கள்.